அனுப்புநர்: பிரீத்தி

காலை ஏழு மணிக்கே பிரீத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஊட்டி காந்தலில் அந்த நேரத்துக்கு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியாது, பனிதான் உள்ளே வரும். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, விரல் விறைக்க விறைக்கத் தட்டினாள்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று தன் அறுபது டீலர்களுக்கும் பரிசு அனுப்பச் சொல்லி அவளுடைய ‘பனிக்கூடை’ இணையக் கடையில் ஆர்டர் போட்டதும், அந்தச் சந்தோஷத்தில் அவள் பாயசம் வைத்ததும், கீழ்வீட்டுக்குக் கொடுத்த பாயசம் மூடியைக்கூடத் திறக்காமல் மாடிக்குத் திரும்பி வந்ததும் போன வாரக் கதை. டீலருக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் கால் கிலோ தேயிலைத் தூள், ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி பிஸ்கட். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். இன்று வெள்ளி. கூரியர் வேன் மத்தியானம் இரண்டு மணிக்கு வரும், இன்று விட்டால் திங்கட்கிழமைதான்.

வழக்கமான கூரியர்காரர்கள் போன மாதத்தோடு மலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். புதுக் கம்பெனியை இணையக் கடையோடு சேர்க்கப் பார்த்தால், தானாகச் சேரும் பட்டியலில் மலைப் பின்கோடே இல்லை. எல்லாக் கட்டங்களையும் கையால்தான் நிரப்ப வேண்டும். அனுப்புநர் பெயர், போன் நம்பர், வந்து எடுக்கவேண்டிய முகவரி, பெட்டியின் நீளம் அகலம் உயரம், எடை, லேபிளின் அளவு. ஒரு கட்டம் தப்பினால் லேபிளில் பாதி வெள்ளையாக வரும், இல்லாவிட்டால் முகவரி ஓரத்தில் வெட்டுப்படும். மூன்று நாளாக அவள் இதோடுதான் மல்லுக்கட்டினாள். நேற்று சாயங்காலம் எல்லாம் ஒருவழியாகச் சரிக்கு வந்தது.

இப்போது சோதனைக்கு ஒரு லேபிள் அடித்துப் பார்த்தாள். சின்ன பிரிண்டர் கிர்ரென்று துப்பியது.

‘அனுப்புநர்: வேலுமணி ஸ்டோர்ஸ். உரிமையாளர்: வசந்த்குமார்.’ கீழே வசந்த்குமாரின் செல் நம்பர்.

பிரீத்திக்குக் குளிரெல்லாம் விட்டுப்போனது. நேற்று அவள் அடித்தது தன் பெயரை, தன் நம்பரை.

வசந்த்குமார் அவள் கணவனின் அண்ணன். செத்துப்போன மாமனார் பெயரில் மார்க்கெட்டில் நடக்கும் கடை அவருடையது. அந்தக் கடையிலிருந்து இந்த இரண்டு வருஷத்தில் ஒரு காகிதப் பைகூட அவள் வாங்கியதில்லை. ஏழெட்டு ஃபேக்டரி ஏறி இறங்கித் தூளை ருசி பார்த்தது அவள். பிளாஸ்டிக் கூடாத ஊரில், வர்க்கி நொறுங்காமல் போக, தாளைக் கிழித்துச் சுருட்டி மெத்தை மாதிரி அடுக்கக் கற்றுக்கொண்டது அவள். சாப்பாட்டுக் கையோடு போனை எடுத்து ‘சொல்லுங்க’ என்றதும் அவள்தான். லேபிளில் இருக்கிற பெயரையும் நம்பரையும் பார்த்துத்தான் வாங்கியவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள். அந்தக் கட்டம் கைமாறினால் கடையே கைமாறிவிட்டது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும், கீழே இருப்பவருக்கும் தெரியும்.

பக்கத்தின் அடியில் பார்த்தாள். கடைசியாகச் சேமித்தவர்: வசந்த்குமார், இன்று காலை ஐந்து ஐம்பது.

“இவர யாரு உள்ள உட்டது?” என்று வாய்விட்டே கேட்டாள். பதில் சொல்லக் கணவன் கிருத்திக் இல்லை. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க் அவன், ஆறரை பஸ்ஸுக்கே போயிருந்தான்.

தன் பெயரை அடித்துச் சேமித்தாள். அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வந்தாள். வேலுமணி ஸ்டோர்ஸ்.

மறுபடி அடித்தாள். முகம் கழுவிவிட்டு வந்தாள். வேலுமணி ஸ்டோர்ஸ்.

மூன்றாம் தடவை நகராமல் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கண்ணெதிரிலேயே அவள் பெயர் போனது. ஒரே வீட்டில் மேலும் கீழும் உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேர் அடித்துக்கொள்ள இந்தக் காலத்தில் எவ்வளவு வசதி வந்துவிட்டது பாருங்கள்!

நாலாம் தடவை அவள் அடிக்கவில்லை. படியிறங்கிப் போனாள்.

கீழ்வீட்டு முன்னறையில், சுவரோரமாக அவளுடைய அறுபது பெட்டிகள் அடுக்கியிருந்தன. மாடியில் சுவர் ஈரம் கசிகிறது என்று அவள்தான் நேற்று கொண்டுவந்து வைத்தாள். பெட்டிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மூக்கு நுனியில் கண்ணாடியோடு வசந்த்குமார் செல்போனைக் குத்திக்கொண்டிருந்தார்.

“வா அம்மிணி,” என்றார் நிமிராமல். “நான் போடப் போட நீ அழிக்கறே. எனக்கு வெரலே வலிக்குது.”

“மாமா, அது நான் ஆரம்பிச்ச கடைங்க. என்ற பேர எடுக்கச் சொல்லி உங்களுக்கு ஆரு சொன்னதுங்க?”

“மார்க்கெட்ல நாப்பது வருசமா நிக்குதே, அதுக்குப் பேருதான் கடை. மாடில உக்காந்து பொட்டி தட்டறதெல்லாம் கடையா? சரி, கடைன்னே வெச்சுக்க. சரக்கு எங்கிருந்து போகுது? இந்த ஊட்ல இருந்து. ஊடு எங்கப்பா கட்டுனது. அப்ப அவரு பேருதானே போகோணும்?”

“அவரு பேரு மட்டும்னாக்கூட நான் பேசாம இருப்பனுங்க. உங்க பேரும் நம்பரும் எதுக்குங்க?”

சமையலறை வாசலில் தாரிணி வந்து நின்றாள், கையில் தோசைத் திருப்பியோடு. வசந்த்குமாரின் மனைவி. பாயசத்தைத் திருப்பி அனுப்பியவள்.

“மார்க்கெட்ல எல்லாரும் கேக்கறாங்க. ‘சின்ன மருமக பேர்ல பார்சல் பறக்குதாமே, உங்க கடைய மூடிட்டீங்களா’ன்னு. நாங்க தலகாட்ட வேண்டாமா?” என்றாள்.

பிரீத்திக்கு அவளைப் பார்த்ததும் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. ஆதார் நகல் எடுக்க வேண்டும் என்று சொல்லி, மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தவள் தாரிணி.

“நீங்கதானக்கா இவரச் சேத்து உட்டது? செவ்வாக்கெழம ஆதார் எடுக்கறேன்னு வந்து இந்த வேலையத்தான பண்ணீட்டுப் போனீங்க?”

தாரிணியின் முகம் சிவந்தது. “என்னையத் திருடிங்கறயா?”

“நடந்ததச் சொல்றேன்.”

“எனக்கு அந்தப் பொட்டியத் தொறக்கவே தெரியாது. உன்ற நாக்குப் புழுத்துப் போயிரும் பாத்துக்க!”

வசந்த்குமார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கட்டிய மனைவியைத் திருடி என்கிறார்கள், மனிதர் செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏன் என்று யோசிக்கிற நிதானம் பிரீத்திக்கு அப்போது இல்லை.

தோசை கருகும் வாசனை வந்ததும் தாரிணி உள்ளே போனாள். வசந்த்குமார் எழுந்து, மேலே இருந்த ஒரு பெட்டியின் மேல் கையை வைத்தார்.

“கடைசியாச் சொல்றேன் அம்மிணி. என்ற பேரு ஒட்டாம இதுல ஒரு பொட்டிகூட வாசப்படி தாண்டாது. நான் எல்லாத்தையும் நெரப்பி வெச்சிருக்கேன். நீ மேல போயி அறுபதையும் அடிச்சுக் கொண்டாந்து குடு. இல்லையா, செவ்வாக்கெழம அந்தத் திருப்பூர்க்காரனுக்கு நீயே பதில் சொல்லிக்க.”

பிரீத்தி மேலே வந்தாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தாள். அவர் நிரப்பியதை வரிசையாகப் பார்த்தாள். பெயர், நம்பர், முகவரி எல்லாம் அவருடையது. பெட்டியின் அளவில் கை வைக்கவில்லை. எடையில் வந்து அவள் கண் நின்றது.

500.

அவள் போட்டிருந்தது 0.5. பெட்டி அரைக் கிலோ. அந்தக் கட்டம் கிலோவில் கணக்கு வைக்கிறது. வசந்த்குமார் பிறந்ததிலிருந்து கடையில் நின்றவர். அவருக்கு எடை என்றால் நூறு, இருநூற்றைம்பது, ஐந்நூறு. புள்ளியும் பூஜ்யமும் அவர் தராசில் கிடையாது. தம்பி மனைவி ஏதோ தெரியாமல் போட்டுவிட்டாள் என்று பெருந்தன்மையாகத் திருத்தியிருக்கிறார்.

பெட்டிக்கு ஐந்நூறு கிலோ. அறுபது பெட்டி. முப்பது டன்.

கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளே கட்டத்தைத் திருத்தியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. பிரீத்தி நல்லவள்தான், ஆனால் காலையிலிருந்து நாலு தடவை அவள் பெயரை அழித்திருக்கிறார்கள். படட்டும் என்று நினைத்தாள். கூரியர்காரன் வந்து தெருவில் வைத்துக் கேட்கட்டும், அப்புறம் நான் போய் என் லேபிளைக் கொடுக்கிறேன்.

அறுபதையும் அடித்தாள். அடித்த உடனே வேனுக்கும் புக்கிங் தானாகப் போய்விட்டது. லேபிளின் மூலையில் சின்ன எழுத்தில் எடை இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் வசந்த்குமார் தன் பெயரிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். அது நடக்கிற காரியமா?

ஒரு மணிக்கு அவர் மார்க்கெட்டிலிருந்து வந்து, தன் கையாலேயே அறுபது லேபிளையும் ஒட்டினார். ஒட்டிய பெட்டியைத் தூரத்தில் வைத்து, பெண்பார்க்க வந்தவர் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு வேன் வரவில்லை.

இரண்டே காலுக்கு மேட்டில் ஒரு குட்டி வேன் வந்து நின்றது. பெனிஸ் என்ற கூரியர் ஆள் இறங்கி, செல்போனையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, வேலுமணி ஸ்டோர்ஸ் இதுங்களா? அந்த முப்பது டன் எங்கீங்க?”

“என்ன டன்னு?” என்றார் வசந்த்குமார்.

“அறுபது உருப்படி, ஒண்ணொண்ணும் ஐந்நூறு கிலோன்னு போட்டிருக்குங்க. பெரிய லாரி இந்த ரோட்டுல ஏறாதுன்னு ஆபீஸ்ல கேன்சலே பண்ணிட்டாங்க. பக்கத்துத் தெருவுல ரெண்டு பார்சல் எடுக்க வந்தேன், அப்படி என்னதான் சரக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

குழாயடியில் நின்ற நாலைந்து பேருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

“வசந்தண்ணே, எஸ்டேட்டையே வேரோட புடுங்கி அனுப்பறீங்களா?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வசந்த்குமார் ஒரு பெட்டியைத் தூக்கி மூலையில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். காது வரை சிவந்துபோனார்.

படியில் நின்ற பிரீத்திக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் நாலு பேர் முன்னால் அவர் முழிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். புக்கிங்கே போகும் என்று நினைக்கவில்லை. அவருடைய மானத்தோடு அவளுடைய ஆர்டரும் அல்லவா போகிறது!

“அண்ணா, எடைய மாத்தி இப்பவே வேற அடிச்சுத் தர்றேங்க. எடுத்துக்குவீங்களா?”

பெனிஸ் தலையைச் சொறிந்தார். “கேன்சலான அனுப்புநர் பேர்ல இன்னிக்கு மறுபடி புக்கிங் உழுகாதுங்க. வேற பேரு, வேற நம்பர் இருந்தாப் போடுங்க. அரைமணி நேரம் நிக்கறேன். பனி எறங்கிட்டா மலைப்பாதைல பர்லியாறு தாண்டறதுக்குள்ள இருட்டிரும்.”

வேற பேரு. தெருவே வசந்த்குமாரைப் பார்த்தது. அவர் பெட்டிகளுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார், ஆனால் வாசற்படியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பிரீத்தி மாடிக்கு ஓடினாள். பெயர், நம்பர், முகவரி, 0.5. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தடவை படித்துச் சேமித்தாள். பிரிண்டர் துப்பத் துப்பக் கத்தையாக வாரிக்கொண்டு வந்தாள். அவர் ஒட்டிய லேபிளின் மேலேயே தன் லேபிளை வைத்து ஒட்டினாள், ஈரக் காற்றில் ஓரம் தூக்கியதையெல்லாம் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பெனிஸ் வாங்கி வாங்கி ஏற்றினார். இரண்டே முக்காலுக்கு வேன் மேட்டில் திரும்பியது.

தெரு கலைந்தது. அப்போதுதான் வசந்த்குமார் பேசினார்.

“மேல நீதான அடிச்சே? அந்த ஐந்நூற நீ பாக்கல?”

பொய் சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும்.

“பாத்தனுங்க.”

“பாத்துட்டு?”

“பேசாம இருந்தனுங்க. நீங்க என்ற பேர எடுத்தப்ப என்னையக் கேட்டீங்களா?”

அவர் செல்போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் கேட் பக்கம் போய் யாரையோ கூப்பிட்டார்.

பிரீத்தி கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். இனி ஒரு தடவை நடக்கக்கூடாது. காலையிலேயே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தாள். கடைக்குள் வர அனுமதி உள்ளவர்களின் பட்டியலைத் திறந்தாள். மூன்று பெயர்கள். பிரீத்தி, கிருத்திக், வசந்த்குமார்.

வசந்த்குமாரின் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது: சேர்த்தவர், கிருத்திக். செவ்வாய், காலை ஆறு பத்து.

தாரிணி ஆதாரோடு வந்தது மத்தியானம்.

அன்று காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன், அவள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, கட்டிய கணவன் சத்தமில்லாமல் அண்ணனை உள்ளே விட்டிருக்கிறான். அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

முதலில் கீழே போனாள். தாரிணியின் சமையலறை வாசலில் நின்று, “அக்கா, காலைல நான் சொன்னது தப்புங்க. நீங்க இல்லைங்க,” என்றாள். தாரிணி ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கதவை அறைந்து சாத்தினாள். சாத்தாமல் என்ன செய்வாள்? திருடி என்ற வார்த்தை என்ன, பாயசமா, திருப்பி அனுப்ப?

மேலே வந்து வசந்த்குமார் பெயருக்கு எதிரே ‘நீக்கு’ என்பதை அழுத்தினாள். போனது.

நாலரை மணிக்குக் கிருத்திக் வந்தான். பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது. கீழே அண்ணனோடு பேசிவிட்டுத்தான் மாடியேறினான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“ஏனுங்க, செவ்வாக்கெழம காலைல என்ன பண்ணுனீங்க?”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். “அண்ணன் ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருந்தாரு. பேரு ஒண்ணுதானே, போட்டா என்ன தேஞ்சு போகுதுன்னு...”

“அப்ப எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?”

“சொன்னா நீ ஒத்துக்குவியா?”

“மாட்டனுங்க. அதுனாலதான் நீங்க சொல்லல.”

“நீ மட்டும் என்ன? தெருவே சிரிக்கற மாதிரிப் பண்ணி உட்டிருக்கறே. அண்ணன் அழுகாத கொறை.”

“நான் மூணு நாளா இந்தப் பொட்டி முன்னால அழுதது உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

அவள் திரும்பி, பட்டியலில் கிருத்திக் என்ற பெயருக்கு எதிரே மவுஸ் அம்பைக் கொண்டுபோனாள்.

“என்னையுமா?” என்று எழுந்தான்.

அழுத்தினாள். திரையில் ஒரு வரி வந்தது. உரிமையாளரை நீக்க இயலாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையைத் திறந்த நாளில், உரிமையாளர் என்ற இடத்தில் அவள்தான் தன் கையால் கிருத்திக்கின் பெயரையும் மெயிலையும் போட்டாள். புருஷன் பெயர் இருந்தால் வீட்டில் பேச்சு வராது என்று. அதற்குப் பிறகு அதை அவள் நினைக்கவே இல்லை.

கிருத்திக்கும் அந்த வரியைப் படித்தான். படித்துவிட்டுத் தன் செல்போனைப் பார்த்தான்.

கீழேயிருந்து வசந்த்குமாரின் குரல் வந்தது. “தம்பி, முடிச்சுட்டியா?”

“வேண்டாங்க,” என்றாள் பிரீத்தி. கெஞ்சவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“ரெண்டு நாளைக்குத்தான். அண்ணன் கோவம் தணியட்டும்,” என்றான். அவளைப் பார்க்காமல் கட்டை விரலை நகர்த்தினான்.

அவள் திரையில் பட்டியல் மறைந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வெறும் பக்கம் ஒன்று வந்து நின்றது. அவள் தன்னுடையதை அடித்தாள். இந்தக் கடையில் இப்படி ஒருவர் இல்லை என்றது.

அறுபது பெட்டிகளின் மேல் அவள் பெயர் மலையிறங்கிக்கொண்டிருந்தது. அதை ஒட்டிய கையில் இன்னும் பசைப் பிசுக்கு இருந்தது. பிரீத்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், போனை எடுத்தாள், திருப்பூர்க் கம்பெனி மேனேஜர் தேவநேசனைக் கூப்பிட்டாள். கணவனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொல்லுங்க மேடம், பார்சல் கெளம்பிருச்சுங்களா?”

“கெளம்பிருச்சு சார். செவ்வாக்கெழமைக்குள்ள டீலருங்களுக்குப் போயிரும். எல்லாத்துலயும் என்ற நம்பர் இருக்கு, ஒரு பொட்டி நொறுங்கியிருந்தாலும் எனக்கே கூப்பிடுங்க. அப்பறம் இன்னொண்ணு சார். அடுத்து தீபாவளிக்கு ஆர்டர் குடுத்தா அந்த வெப்சைட்ல போடாதீங்க. அது இனி என்றது இல்லை.”

கிருத்திக் வாயைப் பிளந்தான். “பிரீத்தி!”

“அப்படீங்களா?” என்றார் தேவநேசன், கொஞ்சம் தயங்கி. “வெப்சைட்ட விடுங்க, நாங்க உங்களுக்குத்தான ஆர்டர் குடுத்தோம். புதுக் கடை எங்கீங்க? அட்ரஸ் சொல்லுங்க, இப்பவே எழுதிக்கறேன்.”

பிரீத்தி வாயைத் திறந்தாள். இந்த வீட்டைத் தவிர அவளுக்கு ஊட்டியில் வேறு முகவரி கிடையாது.

“நாளைக்குச் சொல்றேன் சார்,” என்றாள். போனை வைத்துவிட்டு, கிருத்திக்கைத் தாண்டி, பிரிண்டரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.